வெள்ளைத் தெருவில் நாங்கள் அடித்த ஹோர்ன்

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் மிதிவண்டிக் கழகத்தின் தலைவர் மருத்துவர் சஞ்சயன் அவர்களே, செயலாளர் தம்பி கிளின்ரன் அவர்களே, தேவாரம் ஓதித் தொடக்கிவைத்த குருக்கள் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அமரரின் துணைவியார் ரஜனி அக்கா அவர்களே, மகள் கோசிகா, கோசிகாவுக்குப் பக்கத்தில் நீல மேலங்கியோடு அமர்ந்திருக்கும், பிரான்ஸ் தேசத்திலிருந்து வந்த மதாம் ஒடில் அவர்களே, இரண்டு இடத்தில் ரயில் மாறி குரோய்டனிலிருந்து வந்திருக்கும் அருள்மலரும் அவரது கணவரும், எட்மண்டனிலிருந்து ஒரே வான் வண்டியில் வந்திறங்கிய அன்பர்களே, திருச்சியில் பிறந்தும் எங்களோடு சேர்ந்து சைக்கிள் ஓடும் முருகேசன் தம்பி அவர்களே, இந்த மண்டபத்தின் பின்பக்கத்தில் கதிரை கிடைக்காமல் நிற்கும் கிங்ஸ்பரி அயலவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

வந்தவர்களை விடாமல் சொல்வது என் பழக்கம். இந்தக் கழகத்தின் கணக்கை எழுதுகிறவள் நான். ஒன்று விடுபட்டால் எனக்கு நித்திரை வராது. ஆனால் இன்று அப்படிச் சொன்னதற்கு வேறொரு காரணமும் உண்டு. நான் இனிச் சொல்லப் போவதை யார் யார் கேட்டீர்கள் என்பது நம் எல்லோருக்கும் ஞாபகத்தில் இருக்க வேண்டும்.

கோசிகா, நீ மதாமின் காதுக்குள் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருக்கிறாய். நல்லது பிள்ளை. நான் ஆறுதலாகப் பேசுகிறேன். ஒன்றையும் விடாதே. நான் எதைச் சொன்னாலும் விடாதே.

அன்பர்களே! அமரர் கந்தையா விஜயரத்தினம் அவர்களுக்கு இந்தப் பதாகையில் "பயணத் திலகம்" என்று பட்டம் எழுதியிருக்கிறோம். அவர் உயிரோடு இருக்கும்போது யாராவது ஒருவர் அவரை அப்படி அழைத்தோமா? "கடைசி அண்ணை" என்றுதானே அழைத்தோம்! பட்டத்தைப் பார்த்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? "திலகம் வைக்கிறதெண்டால் ஹெல்மெற்றைக் கழட்ட வேணுமே, அதுவும் ஒரு வேலை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பார்.

யார் இந்த விஜயரத்தினம்? கிங்ஸ்பரியில் எத்தனையோ வீடுகளுக்கு வயரிங் செய்த மின்வேலைக்காரர். அதற்கு முன் பாரிசில் உணவகத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவியவர். அங்கே ஒரு அறையில் ஏழு பேரோடு படுத்தவர். ஒருவர் வேலைக்குப் போக எழும்ப, மற்றவர் வேலையால் வந்து படுப்பார். ஓயாத சத்தம். லீவு நாளில் அவர் என்ன செய்தார்? படம் பார்க்கப் போனாரா? நித்திரை கொண்டாரா? யாரோ தூக்கியெறிந்த சைக்கிளைத் திருத்தி, ரயிலில் ஏற்றி, பேர் தெரியாத ஒரு ஸ்டேசனில் இறங்கி, சத்தமில்லாத தெருவைத் தேடிப் போனார்! நாடு விட்டு நாடு வந்த மனிதன் தேடிப் போனது பணத்தையல்ல, அமைதியை!

லண்டனுக்கு வந்த பிறகும் அவர் அதை விடவில்லை. நியூஹேவனில் கப்பலேறி, தியெப்பில் இறங்கி, அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் எங்களைக் கூட்டிப் போனவர் அவர்தான். பிரான்சின் வரைபடத்தை அவர் இந்த மண்டபத்து மேசையில் விரித்துக் காட்டியது பலருக்கு ஞாபகம் இருக்கும். சிவப்புக் கோடு பெரிய தெரு. மஞ்சள் கோடு அதைவிடச் சிறியது. கோட்டுக்குள்ளே நிறமே இல்லாமல் வெள்ளையாக இருப்பது, பாலெடுக்கிற வண்டியும் பள்ளிக்கூட பஸ்ஸும் போகிற தெரு. "நாங்கள் வெள்ளையாலை போவம்," என்பார். மூன்று மடங்கு சுற்று! ஆனாலும் வெள்ளை!

தலைவர் அவர்கள் ஒருமுறை கேட்டார்: "அண்ணை, நேராப் போனால் மத்தியானத்துக்கு முதல் போயிடலாமே?"

"போயிடலாம் டொக்டர். போய் என்ன செய்யப் போறியள்?"

தலைவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

என்னைக் கழகத்தில் சேர்த்ததும் அவரே. நான் சமைத்துக் கொடுத்தனுப்பலாம் என்றுதான் வந்தேன். "தங்கச்சி, சமைச்சுப்போட்டு வீட்டிலை இருக்கிறதெண்டால் உங்கடை சோறு எங்களுக்கு வேண்டாம். நீங்களும் ஓடுங்கோ," என்றார். ஓடினேன். முதல் நாள் இருக்கை வலியில் அழுதேன். இரண்டாம் நாள் காலை ஒரு வெள்ளைத் தெருவில், நடுவில் புல் முளைத்த தெருவில், எனக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லை. ஒரு உழவு இயந்திரம் மட்டும் எங்கேயோ. வாய்க்குள் தேவாரம் சொல்லிக்கொண்டு போனேன். என் குரல் எனக்கே கேட்டது! கோயிலில் மணியும் மேளமும் சனமும் என்று எத்தனை வருடமாகக் கும்பிடுகிறேன். நான் கும்பிடுவது என் காதுக்குக் கேட்டது அன்றைக்குத்தான். இதற்காகவே அவருக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டவள்.

அவர் எப்போதும் கடைசியாக வருவார். முருகேசன் தம்பிதான் காரணம் கேட்டார்.

"சார், வழி தெரிஞ்சவரு நீங்க. முன்னாடி போகாம பின்னாடி வர்றீங்களே?"

"முன்னாலை போனால் தெருவைத்தான் பார்க்கலாம் தம்பி. பின்னாலை வந்தால் உங்களைப் பார்க்கலாம். ஆற்றை ரயர் காத்துப் போகுது, ஆர் வீட்டோடை சண்டை பிடிச்சுப்போட்டு வந்து தனிய ஓடுறார், எல்லாம் தெரியும்."

"அப்போ நான் சண்டை போட்டது தெரிஞ்சிடுச்சா?"

"காலமை தொடக்கம் தெரியும். பெரிய கியரிலை உதைச்சுக்கொண்டெல்லோ போறீர்!"

தம்பி, நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள், கண்ணையும் துடைக்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான்.

அவர் எங்களுக்குப் பழக்கியவை கொஞ்சம். ஊருக்குள் நுழைந்தால் பேச்சைக் குறைக்க வேண்டும். வேலியடியில் யாரைக் கண்டாலும் வணக்கம் சொல்ல வேண்டும். குதிரையில் வருபவர் இருந்தால் இறங்கி நிற்க வேண்டும். "இது அவையின்ரை முத்தம். நாங்கள் குறுக்காலை போறம், அவ்வளவுதான்," என்பார். முற்றத்தால் போகிறவனுக்கு மரியாதை தெரிய வேண்டாமா?

அன்பர்களே, இனித்தான் நான் சொல்ல வந்தது.

போன வைகாசிப் பயணத்துக்கு நாங்கள் முதன்முறையாக ஒரு வான் கொண்டுபோனோம். அண்ணை வேண்டாம் என்றார். நிர்வாகசபை வேண்டும் என்றது. சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் சுடச்சுட இருக்க வேண்டுமல்லவா? தம்பி கிளின்ரன் வானை ஓட்டினார். பானைகள் சரியாமல் பார்க்க நான் முன் இருக்கையில் இருந்தேன். சைக்கிள்கள் எங்களுக்கு முன்னால். அண்ணை வழக்கம்போல எல்லோருக்கும் பின்னால், எங்கள் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில்.

ஒரு வளைவில் திரும்பினால், எதிரே ஒரு கார் ஊர்ந்து வருகிறது. கார் நிறையப் பூ. பின்னால் ஒரு ஐம்பது பேர் நடந்து வருகிறார்கள். எல்லோரும் கறுப்புடை இல்லை, சாதாரண உடுப்பு. மேளம் இல்லை. அழுகை இல்லை. முன்னால் ஒரு அம்மா, நீல மேலங்கி போட்டு, கையில் பூங்கொத்தோடு.

முருகேசன் தம்பி சைக்கிளை நிறுத்தித் திரும்பிக் கத்தினார்: "கல்யாணம் போல இருக்குங்க!"

கிளின்ரன் கேட்டார்: "அன்ரி, கலியாணமோ செத்தவீடோ?"

நான்தான் பதில் சொன்னேன். "பொம்பிளையள் முன்னுக்கு நடக்கினம். செத்தவீடா இராது."

எங்கள் வழக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பறையும் ஒப்பாரியும் இல்லாத செத்தவீடு எங்களுக்குத் தெரியாது. பூப்போட்ட கார் என்றால் எங்களுக்கு மாப்பிள்ளை கார். எனக்குத் தெரிந்த உலகத்தை வைத்து நான் தீர்ப்புச் சொன்னேன். அதோடு பாரிசில் எங்கள் சொந்தக்காரரின் கலியாணங்களுக்குப் போய், அந்த நாட்டில் கலியாண ஊர்வலத்துக்கு ஹோர்ன் அடித்துத்தான் வாழ்த்துவார்கள் என்பதையும் அரைகுறையாக அறிந்து வைத்திருந்தோம்.

அடித்தோம்!

கிளின்ரன் ஹோர்னை அமத்தினார். முன்னால் போனவர்கள் சைக்கிள் மணியை அடித்தார்கள். அருள்மலர் கையசைத்தார். நான் கண்ணாடியை இறக்கிக் கைதட்டினேன். அந்த அம்மா எங்களை நிமிர்ந்து பார்த்தார். பெண்ணின் தாயாராக்கும் என்று நினைத்தேன். இன்னும் பலமாகத் தட்டினேன்.

அன்று எங்களோடு வந்தவர்களுக்கு இது இப்போது தெரியும். கோசிகா, நீ நிறுத்தாதே. சொல்லு. அந்த அம்மா மதாம் ஒடில். அந்தக் காரில் இருந்தவர் அவருடைய கணவர் மோரிஸ்.

ஒரு ஏற்றம் தாண்டி, அடுத்த ஊரின் தேவாலயத்துப் பக்கத்தில் பாயை விரித்துச் சாப்பாட்டைப் பரிமாறினோம். அண்ணையைக் காணவில்லை. குழம்பு ஆறியது. சிலர் புறுபுறுத்தார்கள். நெடுநேரம் கழித்து வந்தார். சைக்கிளில் பூட்டுகிற சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நின்றார்.

"எங்கை அண்ணை போட்டியள்? பசியிலை செத்துப் போனம்," என்றார் ஒருவர்.

"செத்தவீட்டுக்கு."

"ஆற்றை செத்தவீடு?"

"நீங்கள் ஹோர்ன் அடிச்ச ஆளின்ரை."

எங்கள் பின்னால் வந்தவர் அந்த ஊர்வலத்தைக் கண்டதும் இறங்கி, ஹெல்மெற்றைக் கழற்றி, கருங்கல்லில் டக் டக்கென்று சத்தம் போடும் சப்பாத்தையும் கழற்றி, சைக்கிளை உருட்டிக்கொண்டு சேமக்காலை வரை, அந்தக் கல்லறைத் தோட்டம் வரை, பின்னாலேயே நடந்திருக்கிறார். ஒருவர் நடந்தார்! ஒருவர்!

நாங்கள் என்ன செய்தோம்? அந்த ஊர் ஒரு ஏற்றத்துக்கு அப்பால்தான் இருந்தது. திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டோமா? "திரும்ப ஏற வேணுமே" என்று ஒரு குரல் வந்தது. "தெரியாமல் நடந்ததுதானே, அண்ணை சொல்லியிருப்பார்" என்று இன்னொரு குரல். அந்தக் குரல்களின் பெயரை நான் சொல்லவில்லை. எல்லோருடைய வாயிலும் சோறு இருந்தது. என் கையில் அகப்பை இருந்தது. நான் மறுசோறு போட்டேன்.

லண்டனுக்கு வந்து கூட்டம் கூடினோம். அதைப் பற்றிப் பேசினோமா? பேசினோம்! "கடைசியாக வருபவர் சாப்பாட்டு நேரத்தைத் தவறவிடக் கூடாது" என்று புதிதாக ஒரு விதி நிறைவேற்றினோம். எவருக்கு எதிராக அந்த விதி? அவர் எழும்பிக் கையை உயர்த்தி அதற்கு வாக்களித்தார். "நியாயம்தானே, சனத்துக்குப் பசிக்கும்," என்றார். இப்படி ஒரு மனிதனை வைத்துக்கொண்டு, அன்பர்களே, நாங்கள் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்!

அதன்பிறகு அவர் யாருக்கும் சொல்லாமல் அந்த ஊருக்குப் போய் வந்தார். மதாமின் மாட்டுக் கொட்டிலில் வெளிச்சம் எரியவில்லை என்று வயர் மாற்றிக் கொடுத்தாராம். போனதும் வந்ததும் ரஜனி அக்காவுக்கு மட்டும் தெரியும். மாசிக் குளிரில் அவருடைய இருதயம் நின்றபோது, ரஜனி அக்கா செய்தி சொன்னவர்களில் மதாமும் ஒருவர். அவர் உடனே புறப்பட்டு வந்தார்.

போன செவ்வாய்க்கிழமை தகனசாலை வாசலில் நடந்ததை நின்று பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அண்ணையை ஏற்றிய கார் வாசலால் திரும்பியதும் மதாம் இறங்கி அதன் பின்னால் நடக்கத் தொடங்கினார். ரஜனி அக்கா தன் காரை நிறுத்தச் சொன்னார்.

அவருடைய தமையன் தடுத்தார். "பிள்ளை, குளிர். எங்கடை பெண்டுகள் நடக்கிறேல்லை."

"மதாம் நடக்கிறா அண்ணை. அவவும் பெண்டுதான்."

அக்கா நடந்தார். நானும் நடந்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவை. செருப்புச் சத்தம் மட்டும்.

தகனம் முடிந்து வெளியே வந்ததும் மதாம் கோசிகாவிடம் ஏதோ கேட்டார். கோசிகாவின் முகம் மாறியது. எங்களுக்குத் தமிழில் சொன்னாள்: "ஏன் அப்பாவுக்கு ஒருத்தரும் ஹோர்ன் அடிக்கேல்லை எண்டு கேக்கிறா."

எங்களுக்கு விளங்கவில்லை. மதாம் விளக்கினார். அன்றைக்குச் சேமக்காலையில் அண்ணை அவரிடம் போய்ச் சொன்னாராம்: "அம்மா, எங்கள் தேசத்தில் இறந்தவரை மேளம் அடித்து, வெடி கொளுத்தித்தான் வழியனுப்புவோம். மேளம் இல்லாதபடியால் என் ஆட்கள் ஹோர்னும் மணியும் அடித்தார்கள். உங்கள் கணவரை அவர்கள் பெரிய மனிதராக மதித்தார்கள்."

அன்று தொடக்கம் இந்த அம்மா எங்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்! எங்களுக்கு! பால் கறந்து வாழ்ந்த தன் கணவருக்குத் தூரதேசத்து மனிதர்கள் மரியாதை செய்தார்கள் என்று பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். வருகிற வைகாசியில் மோரிஸின் ஆண்டு நினைவுக்கு எங்கள் கழகம் முழுவதும் வந்து, அதே வளைவில் ஹோர்ன் அடிக்க வேண்டும் என்று அழைத்திருக்கிறார். இதே மேடையில் சற்று முன் தலைவர் அந்த அழைப்பை வாசித்தார். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலைக் கேட்டபோது எனக்கு அந்த வானின் கண்ணாடி ஞாபகம் வந்தது. நிலத்துக்குள் புதைந்து போகலாம் போல இருந்தது.

நேற்று ரஜனி அக்காவிடம் போய்க் கேட்டேன். "அக்கா, அண்ணை சொன்னதை நான் உடைக்கலாமோ?"

"அவர் சொன்னது அவவின்ரை மனம் நோகக்கூடாது எண்டு. நீங்கள் மாலை வாங்கிக் குளிர்காயுறதுக்கு இல்லை. சொல்லு," என்றார்.

ஆகவே சொல்கிறேன். மதாம் ஒடில் அவர்களே, நாங்கள் உங்கள் கணவரை மதித்து ஹோர்ன் அடிக்கவில்லை. கலியாணம் என்று நினைத்து அடித்தோம். அப்படி நினைக்கக் காரணம் சொன்னவள் நான். தெரிந்த பின்னும் திரும்பி வரவில்லை. ஒரு ஏற்றம் ஏறச் சோம்பிப் பஞ்சிப்பட்டோம். உங்களுக்கு மரியாதை செய்தவர் ஒருவர்தான். அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடந்தார். மற்றதெல்லாம் அவர் எங்கள் மானத்தையும் உங்கள் மனத்தையும் சேர்த்து மூடிய போர்வை.

விஜயரத்தினம் அண்ணா! உங்கள் சொல்லை உடைத்துவிட்டேன். ஈசன் சந்நிதியில் நீங்கள் என்னைக் கோபிக்கலாம். ஆனால் உங்கள் பொய்யை மெய்யாக நடித்து அந்த வளைவில் இன்னொரு தடவை என்னால் கைதட்ட ஏலாது!

கழகத்தவர்களே, அவருடைய பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுப்பது வழக்கம். எதைத் தொடரப் போகிறோம்? பதாகையையா? வான் வேண்டாம். குழம்பு ஆறினால் ஆறட்டும். வெள்ளைத் தெருவால் போவோம். கடைசியாக யார் வருவது என்று போட்டி போடுவோம். அந்த விதியை இன்றைக்கே கிழித்துப் போடுவோம். கிளின்ரன் தம்பி தலையாட்டுகிறார். தலைவர் அவர்கள் இன்னும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்கும்வரை நான் இங்கேயே நிற்கிறேன்.

இல்லை, பார்த்துவிட்டார். நன்றி டொக்டர்.

மதாம், என்னிடம் இனி ஒரு கேள்விதான் இருக்கிறது. இது எல்லாம் தெரிந்த பிறகும் வைகாசியில் நாங்கள் உங்கள் ஊருக்கு வரலாமா? வந்தால் ஹோர்ன் இராது. அந்த ஏற்றத்தை மற்றப் பக்கத்தால் ஏறி வந்து, வளைவில் இறங்கி, சேமக்காலை வரை நடப்போம். வர வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் எங்களுக்கு அது தகும். யாரும் உங்களைக் குறை நினைக்க மாட்டோம். கோசிகா, இந்தக் கடைசி வசனத்தை இரண்டு தரம் சொல்லு.

நாளை மத்தியானம் உங்களுக்கு ரயில். ஓம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி, புறப்படுவதற்கு முன் பதிலைச் சொல்லிவிட்டுப் போங்கள் அம்மா.